ஹோட்டல் சமையற்கட்டில் நீராவி: மலையில் வேலை பழகுவோருக்கு

ஏப்ரல், மே சீசன் நெருங்கினால் ஊட்டி, குன்னூர் ஹோட்டல்களில் சமையற்கட்டுக்கு ஆள் தேடுவார்கள். நம் பிள்ளைகளில் பலர் அப்படித்தான் முதல் சம்பளம் வாங்குகிறார்கள். தோசைக்கல்லுக்கும் பரோட்டாக்கல்லுக்கும் பயப்படுகிற அளவுக்கு யாரும் ஆவிக்குப் பயப்படுவதில்லை. கல் சுடும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆவிதானே, போனால் போகிறது என்று நினைக்கிறோம்.

சென்ற சீசனில் நமக்குத் தெரிந்த ஒரு தம்பி, திருப்பூரில் இரண்டு வருடம் வேலை பார்த்தவர், ஊட்டியில் ஒரு ஹோட்டலில் சேர்ந்தார். இட்லி ஸ்டீமரில் தட்டுகளை ஏற்றி, திருப்பூரில் பழகிய கணக்குப்படி பத்து நிமிடத்தில் கதவைத் திறந்தார். இட்லி நடுவில் மாவாக இருந்தது. மூடினார். முன்னால் வாடிக்கையாளர்கள் சத்தம் போட, இரண்டு நிமிடத்தில் மறுபடி திறந்தார். இன்னும் வேகவில்லை. அடுப்பை முழு வேகத்தில் வைத்துவிட்டு, மூன்றாம் முறை தட்டைப் பார்க்கக் குனிந்துகொண்டே திறந்தார். முழங்கையிலிருந்து விரல் வரைக்கும், கன்னத்தில் ஒரு பக்கமும் வெந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த சீசன் முழுவதும் வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை.

அவர் கவனமில்லாதவர் அல்ல. மலையில் தண்ணீர் வேறு மாதிரி கொதிக்கும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. இந்தப் பாடத்தை எழுதுவது அதற்காகத்தான்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமாக, குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், குன்னூரில் ஏறக்குறைய 94 டிகிரியிலும் ஊட்டியில் 93 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகவும் கொதிக்கும். திறந்த பாத்திரத்திலும், மூடியில் ஆவி போக வழியுள்ள இட்லி ஸ்டீமரிலும் அதற்கு மேல் சூடு ஏறாது. எவ்வளவு தீ வைத்தாலும் ஏறாது. கேஸ்தான் வீணாகும், தண்ணீர்தான் சீக்கிரம் வற்றும். அந்தத் தம்பி அடுப்பைக் கூட்டியதால் இட்லி ஒரு நிமிடம்கூட முன்னதாக வேகவில்லை.

ரமலானில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பண்டாரிகளுக்கு இது அனுபவத்தில் தெரியும். கீழேயிருந்து வந்த பண்டாரி முதல் நாள் ஏமாந்துபோவார். கஞ்சி தளதளவென்று கொதிக்கும், அரிசி மட்டும் குழையாது. பருப்பும் கடலையும் இன்னும் மோசம். இரவே ஊறவைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். இட்லி மாவுக்கும் இதே பொறுமை வேண்டும். இங்கே குளிரில் மாவு புளிக்க நேரமாகும். புளிக்காத மாவை ஸ்டீமரில் எவ்வளவு நேரம் வைத்தாலும் இட்லி கல்லாகத்தான் வரும். பிறகு குற்றம் ஸ்டீமர் மீது விழும்.

ஆகவே முதல் வேலை, கீழே பழகிய நேரக் கணக்கை மறப்பது. புதிய ஹோட்டலில் சேர்ந்த வாரத்தில் ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆவி நன்றாக வரத் தொடங்கியதிலிருந்து இட்லி, இடியாப்பம், புட்டு ஒவ்வொன்றும் எத்தனை நிமிடத்தில் வெந்தது என்று எழுதுங்கள். நான்கு நாளில் அந்த ஸ்டீமரின் கணக்கு கைக்கு வந்துவிடும். பிறகு இடையில் கதவைத் திறந்து பார்க்கும் தேவை வராது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே இருந்த ஆவி போய் குளிர்ந்த காற்று நுழைகிறது. அது வெளியேறும் வரை ஸ்டீமருக்குள் முழுச் சூடு வராது. காலையில் தட்டு ஏற்றும் முன் ஆவி இடைவிடாமல் வெளியே வரும் வரை காத்திருக்கச் சொல்வதும் இதனால்தான். ஊட்டியில் விடியற்காலைக் குழாய்த் தண்ணீர் ஐஸ் போல இருக்கும். அது கொதிக்கவே நேரமாகும். கீழே ஐந்து மணிக்கு அடுப்பு பற்றவைத்தவர் இங்கே நாலரைக்கு எழ வேண்டியதுதான்.

கோழி, ஆட்டிறைச்சியை ஆவியில் வேகவைத்தால் வெளித்தோற்றத்தை நம்ப வேண்டாம். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரில் துண்டின் நடுப்பகுதி 75 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும்.

நேரத்தைக் குறைக்க ஒழுங்கான வழி அழுத்தம். குக்கர் செய்வது அதைத்தான். பெரிய ஹோட்டல்களில் பாய்லரிலிருந்து குழாய் வழியாக ஆவி வந்து சோற்று அண்டாவைச் சூடாக்கும். இங்கும் ஒரு நுணுக்கம் உண்டு. பிரஷர் மீட்டர் காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு அதிகம் என்பதைத்தான். சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ என்று முள் காட்டினால், சென்னையில் உள்ளே சுமார் 111 டிகிரி இருக்கும். ஊட்டியில் அதே முள்ளுக்கு சுமார் 106 டிகிரிதான். முள் ஒன்று, சூடு வேறு. இதைக் கேட்டதும் சிலருக்கு விபரீத யோசனை வரும்: விசில் மீது கனம் ஏற்றலாமா, சேஃப்டி வால்வைக் கம்பியால் கட்டலாமா, ஸ்டீமர் மூடி மீது அம்மிக்கல் வைக்கலாமா என்று. கூடவே கூடாது. இட்லி ஸ்டீமர் அழுத்தம் தாங்கச் செய்த பாத்திரமே அல்ல. அதன் ஆவித் துளையில் மாவு அடைத்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். சேஃப்டி வால்வ் அடிக்கடி திறந்தால் அதற்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது. அதை மெக்கானிக் பார்க்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர் மட்டம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை ரயிலைப் பின்னாலிருந்து தள்ளும் நீராவி எஞ்சினைப் பார்த்திருப்பீர்கள். வழியில் ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்கிறார்களே, அது சும்மா இல்லை. பாய்லரில் தண்ணீர் குறையவே விடக்கூடாது. ஹோட்டல் பாய்லரிலும் இதே விதிதான். மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைத் துடைத்து வையுங்கள், வேலைக்கு நடுவே பலமுறை பாருங்கள். கண்ணாடியில் தண்ணீரே தெரியாத அளவுக்கு வற்றிப்போனால், பதறிப்போய்க் குளிர்ந்த தண்ணீரை உள்ளே விடாதீர்கள். காய்ந்து பழுத்த இரும்பில் தண்ணீர் பட்டால் நொடியில் ஆவியாகி வெடிக்கும். முதலில் தீயை நிறுத்துங்கள். தானாக ஆறட்டும். பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். அன்றைய சாப்பாடு தாமதமானால் ஆகட்டும்.

இப்போது கதவுக்கு வருவோம். ஊட்டி ஆவிக்கு 93 டிகிரிதானே, அவ்வளவு சுடாது என்று நினைத்தால் தவறு. 93 டிகிரி தண்ணீர் ஒரு கிராம் தோலில் பட்டு உடல் சூட்டுக்கு ஆறும்போது சுமார் 56 கலோரி வெப்பம் தரும். அதே சூட்டிலுள்ள ஆவி ஒரு கிராம், முதலில் தண்ணீராக மாறிப் பிறகு ஆறுவதால் சுமார் 600 கலோரி தரும். பத்து மடங்குக்கு மேல். மலையில் சமைக்க ஆவிக்கு வேகம் குறைவு. ஆனால் கையை வேகவைக்க அதே வேகம்தான்.

நாம் ஆவி என்று பார்க்கும் வெள்ளைப் புகை உண்மையில் குளிர்ந்து துளியாகிவிட்ட நீர். நிஜ ஆவி கண்ணுக்குத் தெரியாது. கெண்டி மூக்குக்கும் வெள்ளைப் புகைக்கும் நடுவே ஒரு விரல் அளவு வெற்றிடம் போலத் தெரியுமே, அதுதான் மிகவும் சுடும் இடம். கதவு இடுக்கிலும் குழாய்க் கசிவிலும் இப்படித்தான். குளிர்காலத்தில் கதவைத் திறந்தால் சமையற்கட்டே மூட்டமாகி எதிரில் வருபவர் தெரியமாட்டார். ஆகவே முதலில் தீயைக் குறையுங்கள். "கதவு திறக்கிறேன்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். கீல் இருக்கும் பக்கமாக நின்று, கதவு உங்களுக்கும் ஆவிக்கும் நடுவே மறைப்பாக இருக்கும்படி ஒரு அங்குலம் மட்டும் திறந்து, பத்து எண்ணிவிட்டு முழுதாகத் திறங்கள். மேல்மூடியுள்ள பாத்திரமானால் முன்பக்கத்தை உங்கள் பக்கம் தூக்காமல், எதிர்ப்பக்கம் தூக்குங்கள். ஈரத் துணியால் தட்டைப் பிடிக்காதீர்கள். ஈரம் வழியாகச் சூடு உடனே கைக்கு வந்துவிடும்.

வெந்துவிட்டால்? மோதிரம், வாட்ச், காப்பு எல்லாவற்றையும் வீங்குமுன் கழற்றிவிட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். ஊட்டிக் குளிரில் இது லேசல்ல, ஐந்து நிமிடத்திலேயே கையை எடுக்கத் தோன்றும். மேலே கம்பளி போர்த்திக்கொண்டு காயத்தை மட்டும் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, இங்க், மாவு, எண்ணெய் எதுவும் வேண்டாம். அந்தத் தம்பிக்கு யாரோ பற்பசை தடவிவிட்டார்கள். மருத்துவமனையில் அதைக் கழுவி எடுக்கும்போதுதான் அவர் அதிகம் துடித்தார். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மெல்ல மூடி, முகம், கண், உள்ளங்கை, மூட்டு என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

குளிருக்காகச் சமையற்கட்டின் ஜன்னலை அடைப்பது மலையில் எல்லா ஹோட்டலிலும் உள்ள பழக்கம். கேஸ் அடுப்புகள் மணிக்கணக்கில் எரியும் இடத்தில் காற்றோட்டம் இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. அடுப்புக்கரி மூட்டி அறையை அடைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்திகளை நீலகிரியில் கேட்டிருக்கிறோம். சமையற்கட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, தலைச்சுற்றல் வந்தால் உடனே அடுப்பை அணைத்து எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள்.

பாய்லர் வேலை என்று சேருகிறவர்கள் சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. 1923-ம் ஆண்டு கொதிகலன் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதிய சட்டம் வந்திருக்கிறது. 25 லிட்டருக்குக் குறைந்தவை, சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்குக் குறைந்த அழுத்தத்தில் இயங்குபவை போன்ற சிறிய சாதனங்கள் பதிவுக்குள் வராது. மற்றவற்றைப் பதிவு செய்து, குறித்த காலத்தில் சோதித்து, சான்றிதழ் பெற்றே இயக்க வேண்டும். இயக்குகிறவருக்கும் பாய்லர் அட்டெண்டன்ட் தகுதிச் சான்றிதழ் வேண்டும். அதில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று உண்டு. அந்தச் சான்றிதழ் இருந்தால் ஹோட்டல் மட்டுமல்ல, ஆலைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் வேலைக்கு எடுப்பார்கள். வேலையில் சேரும் நாளில் பாய்லர் சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும் என்று முதலாளியிடம் மரியாதையாகக் கேளுங்கள், அண்ணே, ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன் என்று. காட்டத் தயங்கினால் பாத்திரம் கழுவும் வேலையோ காய் நறுக்கும் வேலையோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அந்த பாய்லர் பக்கம் போக வேண்டாம்.