சூசையும் வளனும்: திண்டுக்கல் வட்டாரக் கத்தோலிக்க மக்கட்பெயர்கள்

திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்தினின்று 2003இல் பிரிந்த திண்டுக்கல் மறைமாவட்டத்தின் பேராலயம் புனித வளனார் பெயரைத் தாங்கியுள்ளது. இப்புனிதரின் பெயர் தமிழில் சூசை, வளன், யோசேப்பு என மூவகையில் வழங்குகிறது.

சூசை என்பது போர்த்துகீசிய வடிவத்தின் ஒலிபெயர்ப்பு. அதன் பொருள் தமிழ்ச் செவிக்கு எட்டாது. வளன் என்பதோ பொருள்பெயர்ப்பு. எபிரேய மூலம் ‘மேலும் கூட்டித் தருதல்’ என்னும் பொருளது. அதனையே வீரமாமுனிவர் (1680–1747) தேம்பாவணியில் ‘வளன்’ ஆக்கினார். நலம் ‘நலன்’ ஆவதுபோல வளம் ‘வளன்’ ஆவது இறுதிப்போலி. பழைய வழக்கில் அது பண்புப்பெயரே. ஆயினும் அதன் ஈறு ஆண்பால் விகுதிபோல் ஒலிப்பதால் ஆட்பெயராதற்கு இடர்ப்பாடில்லை. முனிவரின் இலக்கணப் புலமைக்கு இத்தேர்வு ஒன்றே சான்றாகும்.

சின்னப்பன் என்னும் பெயர் வேறொரு சிக்கலை எழுப்புகிறது. இலத்தீனில் ‘சிறியவர்’ எனப் பொருள்படும் பவுலின் பெயர் சின்னப்பர் என மொழிபெயர்க்கப்பட்டது. சிற்றப்பனைக் குறிக்கும் உறவுச்சொல்லும் அதுவே. கிறித்தவர் அல்லாதாரும் அப்பெயரை இடுவர். ஆகவே, வாக்காளர் பட்டியலில் உள்ள பெயரை மட்டும் கொண்டு ஒருவரின் சமயத்தை வரையறுக்கும் ஆய்வுமுறை இங்குப் பிழைபடும். திருமுழுக்குப் பதிவேட்டுடன் ஒப்பிடுதல் இன்றியமையாதது.

1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு யோசேப்பு, பவுல் என்னும் வடிவங்களையே மேற்கொண்டது. மறைநூலில் வழக்கொழிந்த சூசையும் சின்னப்பனும் மக்கட்பெயர்களாகவே எஞ்சியுள்ளன.