சின்னத் தொட்டிக்கு எந்த மீன் சேரும்?



வண்ண மீன் வளர்க்கும் நம் உறுப்பினர்கள் பலர் கப்பி, மாலியில் கை தேறிவிட்டார்கள். இப்போது வீட்டுக்குத் தொட்டி கேட்டு வருகிறவர்கள், "கொஞ்சம் பெரிசா, கலரா போட்டுக் குடும்மா" என்கிறார்கள். நாமும் ஏஞ்சல், ஆஸ்கர், பிளவர்ஹார்ன் என்று எடுத்துக் கொடுக்கிறோம். இவை எல்லாம் சிக்லிட் என்ற ஒரே குடும்பம். இதில் சேர்மானம் தவறினால் மீனும் போகும், வாடிக்கையும் போகும்.

தொழில் தொடங்கிய முதல் வருஷம் நானே பட்டிருக்கிறேன். 2 அடித் தொட்டியில் இரண்டு ஆஸ்கர் குஞ்சு, இரண்டு ஏஞ்சல், பத்து கப்பி போட்டு ஒரு வீட்டுக்குக் கொடுத்தேன். பார்க்க அம்சமாக இருந்தது. பத்து நாளில் கப்பி ஒன்றுகூட மிச்சமில்லை. அடுத்து ஏஞ்சலின் துடுப்பெல்லாம் கிழிந்து போச்சு. "மீன் தின்னுற மீனையா குடுத்தே?" என்று அந்த அம்மா வாசலில் வந்து நின்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கும்போது ஆஸ்கர் எவ்வளவு வளரும் என்று நான் கேட்கவே இல்லை. விரல் நீளத்தில் வாங்கும் குஞ்சு ஒரு அடி வரை வளரும், வாயில் நுழைகிறதை எல்லாம் விழுங்கும்.

ஏன் இந்தச் சண்டை? நமக்குத் தெரிந்த ஜிலேபிக் கெண்டையும் சிக்லிட்தான். ஆப்பிரிக்க மீனான அது 1952-ல் நம் நாட்டுக்கு வந்தது. கண்மாய் வத்தும்போது தரையில் வட்ட வட்டமாகக் குழி தெரியுமே, அது ஆண் ஜிலேபி பறித்தது. அங்கே இட்ட முட்டையைப் பெண் மீன் வாயில் அள்ளி வைத்துக் குஞ்சு பொரிக்கும். கேரளாவின் கரிமீனும் இதே குடும்பம், அதில் தாயும் தகப்பனும் சேர்ந்து காவல் இருக்கும். பல மீன்கள் முட்டையைப் போட்டுவிட்டுப் போய்விடும், சிக்லிட் அப்படி இல்லை. பிள்ளைக்காக இடம் பிடிக்கும், பக்கத்தில் வருகிறதை அடிக்கும். கண்மாயில் என்றால் தோற்றது ஓடிவிடும். தொட்டியில் எங்கே ஓடும்?

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் மணல், கல் போக சுமார் 45 லிட்டர் நிற்கும். மூணு குடம் தண்ணி. அதற்கு ஒரே ஒரு ஜோடி, அதுவும் குட்டை ரகம்தான் சரி. ஆஸ்கர் வேண்டாம். பிளவர்ஹார்ன் மனுஷன் கலந்து உண்டாக்கின மீன், பெரிய தொட்டியில் தனியாகத்தான் இருக்கும். ஏஞ்சல் உயரமாக வளரும், ஒரு அடித் தண்ணி அதுக்குப் பத்தாது.

அடுத்தது தண்ணி. உங்க கிணத்துத் தண்ணியில் பருப்பு வேகுமா? சோப்பு நுரைக்குமா? நுரைத்தால் மென்தண்ணி. அதற்கு ராம் என்கிற மீன் பொருந்தும். தென் அமெரிக்க மீன், இரண்டு மூணு அங்குலம்தான் இருக்கும், நம்ம ஊர் வெயிலும் அதுக்கு ஒத்துக்கும். ஆனால் புதுத் தொட்டியில் உடனே விட்டால் தாங்காது. ஃபில்டர் ஓடி ஒன்றரை மாதமாவது ஆன தொட்டியாக இருக்கணும்.

எனக்குப் பிடித்தது கிரிபென்சிஸ். நைஜீரியா பக்கத்து மீன், தண்ணி கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் சமாளிக்கும். ஆண் 4 அங்குலம், பெண் 3 அங்குலம். முட்டைக்குத் தயாரான பெண்ணுக்கு வயிறு செக்கச்செவேல் என்று சிவக்கும். ஆணைவிட அழகு அதுதான்!

பருப்பு வேகாத கடினத் தண்ணியா? ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் காலி நத்தைக்கூட்டுக்குள் குடியிருக்கும் குட்டி சிக்லிட் உண்டு. இரண்டு அங்குலம்கூட வராது. அதை மட்டும் கூட்டமாகவே விடலாம், ஆளுக்கொரு கூடு போட்டால் போதும். மலாவி ஏரி மீனும் கடினத் தண்ணிதான் கேட்கும். ஆனால் மூர்க்கம், 2 அடிக்கு ஆகாது. மென்தண்ணி மீனையும் கடினத் தண்ணி மீனையும் ஒரே தொட்டியில் போட்டால் இரண்டில் ஒன்று வாடத்தான் செய்யும்.

ஜோடி சேர்ப்பதில் அவசரப்படாதீங்க. கண்ட ஆணையும் பெண்ணையும் சேர்த்துவிட்டால் ஒன்றை ஒன்று கொன்றுவிடும். ஆறு குஞ்சை ஒன்றாக வளர்த்தால் தானாக ஜோடி பிரியும், மற்றதை எடுத்துவிடலாம். கிரிபென்சிஸுக்கு மறைவிடம் முக்கியம். கொட்டாங்குச்சியில் ஒரு வாசல் வெட்டி, வேகவைத்து, கறை போகும்வரை ஊறப்போட்டுக் கவிழ்த்து வையுங்க. இரண்டு மூலையில் இரண்டு, நடுவில் கல்லும் செடியும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் பாதிச் சண்டை குறையும். துணைக்கு மேல்தண்ணியில் நீந்தும் சீப்ரா மீன் ஐந்தாறு போதும். அடியில் மேயும் மீன் வேண்டாம், குகை வாசலில் அடி வாங்கும்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்க. வேண்டாம் என்றால் மீனைக் கண்மாயிலோ கிணத்திலோ விடக்கூடாது, உங்களிடமே திருப்பித் தரட்டும். ஜிலேபி பெருகி நம்ம நாட்டுக் கெண்டைகளின் இடத்தைப் பிடித்ததைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அவரவர் வீட்டுத் தண்ணி ஒரு பாட்டில் கொண்டு வாங்க. சோப்புப் போட்டுக் குலுக்கிப் பார்த்து, யார் எந்த மீன் வாங்குவது என்று முடிவு செய்வோம்.