ஒரு மண்டலம், பல பாடங்கள்

பழைய நூலொன்றைப் பதிப்பிக்கப் புகுவோர் ஒரே சுவடியைக் கொண்டு அமைவதில்லை. ஒன்றிற் செல்லரித்த அடி மற்றொன்றில் முழுமையாய் நிற்கும். அதிற் பிழைபட்ட சொல் பிறிதொன்றில் திருத்தமுற விளங்கும். பல பிரதிகளை ஒப்புநோக்கிய பின்னரே உண்மைப் பாடம் துணியப்படும். தமிழ் பயிலும் மாணவனாகிய யான் வானநூற் பொருள்பற்றி எழுதத் துணிந்தது, அந்நூல் வல்லாரும் இம்முறையையே கையாளுகின்றனர் என அறிந்தமையாலேயாம்.

நமது பால்வீதியைப் போன்று எண்ணிறந்த விண்மீன்கள் திரண்ட தொகுதியை விண்மீன் மண்டலம் என்பர். அதனின்று வருவது கட்புலனாகும் ஒளி மட்டுமன்று. ரேடியோ அலை, அகச்சிவப்பு, கட்புல ஒளி, புறஊதா, எக்ஸ் கதிர், காமாக் கதிர் ஆகிய யாவும் மின்காந்த அலைகளே. அலைநீளத்தால் மட்டும் வேறுபட்டன. இவற்றுள் நம் கண் படிக்கவல்லது மிகச் சிறியதோர் ஏடேயாகும்.

எடுத்துக்காட்டாக, தென்வானில் ஏறத்தாழ 1.2 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள சென்டாரஸ் ஏ என்னும் மண்டலத்தை நோக்குவோம். 1826இல் ஜேம்ஸ் டன்லப் என்பார் இதனைக் கண்டறிந்தார். கட்புல ஒளியில் இது, குறுக்கே கரிய தூசுப்பட்டை ஓடும் ஓர் உருண்டை. அகச்சிவப்பிலோ அத்தூசே ஒளிர்ந்து, முன்னாளில் இது விழுங்கிய வேறொரு மண்டலத்தின் எச்சத்தைக் காட்டும். எக்ஸ் கதிரில், நடுவிலுள்ள கருந்துளையின் அருகினின்று பீறிடும் தாரை புலனாகும். ரேடியோ அலையில் நோக்கின், இருபுறமும் விரிந்த அதன் சிறகுகள் முழுமதியின் விட்டத்தைப் போல் பதினைந்து மடங்கு வானில் நீளும். ஒரு பிரதியை மட்டும் படித்தோன் இம்மண்டலத்தை அறிந்தவனாவனோ?

இப்பிரதிகளைப் படிக்கும் இடங்கள் நமக்குச் சேய்மையன அல்ல. கிழக்கே சவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் உளது. அங்கு 1986இல் தொடங்கப்பெற்ற 2.34 மீட்டர் தொலைநோக்கி கட்புல ஒளியைத் திரட்டுகின்றது. உதகையில் 1970 முதல் இயங்கும் ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமுடையது. அவ்வூரின் அகலாங்கிற்கு ஒப்பச் சாய்ந்த மலைச்சரிவில் அமைந்தமையால், அதன் அச்சு பூமியின் அச்சிற்கு இணையாக நிற்கின்றது. புறஊதாக் கதிரையும் எக்ஸ் கதிரையும் வளிமண்டலம் தடுத்துவிடுதலின், அவற்றைக் காண விண்ணிற்கே செல்லல் வேண்டும். அதன்பொருட்டு 2015 செப்டம்பர் 28ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவினின்று ஆஸ்ட்ரோசாட் ஏவப்பட்டது. அதன் புறஊதாத் தொலைநோக்கி ஒருங்கிணைக்கப்பட்டது, நம் ஓசூருக்கு வடக்கே எல்லைகடந்து அமைந்த ஓசகோட்டை ஆய்வு வளாகத்திலாம். அக்கருவி, 930 கோடி ஆண்டுகட்கு முன் ஒரு மண்டலத்தினின்று புறப்பட்ட கடும் புறஊதா ஒளியைப் பதிவுசெய்தமை 2020இல் வெளியிடப்பட்டது.

நிற்க. ஓசூரில் எம் வீட்டு மாடியினின்று யான் பால்வீதியைக் கண்டதில்லை. தொழிற்பேட்டையின் விளக்கொளி இரவு முழுதும் வானை வெளிறச் செய்கின்றது. அவ்விளக்கின்கீழ் இரவு முறை வேலைக்குச் செல்வோருள் எந்தையாரும் ஒருவர். எனது கல்லூரிச் சம்பளம் அவ்வொளியினின்றே வருகின்றது. ஆதலின் அதனைப் பழித்தல் எனக்கு அடாது. ஆயினும், விளக்கு வேண்டுவது தரைக்கேயன்றி வானுக்கன்று. மேற்புறம் மூடி, ஒளி கீழ்நோக்கி விழச்செய்யின் வேலையும் குறையாது, வானும் மறையாது. இது பெருஞ்செலவினதும் அன்று.

சுவடியைச் செல் அரித்தபோது, எஞ்சிய பிரதிகளைத் தேடி ஊரூராய் அலைந்தோர் நம் முன்னோர். ஈண்டு ஏடு அழியவில்லை. அதன்மேல் நாமே வெளிச்சத்தைப் பூசி மறைத்துள்ளோம். அதனைத் துடைத்துப் படிக்கும் கடமை நம்முடையதே.