ஓர் எண் மாறினால் ஒன்பதையும் அனுப்புவதா?

மாணவர்களே, லினக்ஸ் வகைகளுள் ஒன்றான டெபியன் 1993-இல் தொடங்கப்பட்டது. அதன் மென்பொருள்கள் பல்லாயிரம் பொதிகளாகக் கட்டப்பட்டு ஒரு மூலக் களஞ்சியத்தில் இருக்கின்றன. உலகின் பல ஊர்களில் அதற்கு நகல் களஞ்சியங்கள் உண்டு. மூலம் மாறும்போது நகலும் மாற வேண்டும். ஒவ்வொரு முறையும் முழுவதையும் அனுப்பினால் இணைப்பின் கொள்ளளவு எவ்வளவு வீணாகும்!

மாறியதை மட்டும் அனுப்பலாமே என்பீர்கள். பழைய கோப்பு ஓர் ஊரில், புதியது வேறோர் ஊரில். ஒப்பிட்டுப் பார்க்கவே ஒன்றை முழுதாக அனுப்பியாக வேண்டுமே?

ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் 1996-இல் இதற்கு ஒரு வழி கண்டனர். அதுதான் ஆர்சிங்க். அளவும் தேதியும் மாறாத கோப்புகளை அது தொடுவதே இல்லை. பெயர் மாறாமல் உள்ளடக்கம் மட்டும் மாறும் கோப்புகளில்தான் (பொதிகளின் பட்டியல் அப்படிப்பட்டது) அதன் உத்தி தெரியும்.

கோப்பு என்பது எண்களின் வரிசைதான். நகல் நிலையத்தில் 6, 2, 9, 5, 1, 8, 3, 4 இருப்பதாகக் கொள்வோம். அதை நான்கு நான்காகப் பிரித்துக் கூட்டினால் 22, 16. நகல் நிலையம் இந்தக் கூட்டுத்தொகைகளை மட்டும் மூலத்துக்கு அனுப்புகிறது. மூலத்திலோ முன்னால் ஒரு 7 சேர்ந்துவிட்டது. முதல் நான்கின் கூட்டல் 24, பொருந்தவில்லை. ஓரிடம் நகர்வோம். மறுபடி கூட்ட வேண்டாம். வெளியேறும் 7-ஐக் கழித்து, உள்ளே வரும் 5-ஐச் சேர்த்தால் போதும்: 22! அடுத்த நான்கு, 16. ஆகவே அனுப்ப வேண்டியது 7 மட்டுமே. மற்றவை 'உன்னிடம் உள்ள முதல் பகுதி, இரண்டாம் பகுதி' என்ற குறிப்புகள். ஆய்வகத்தில் நகரும் சராசரி கணக்கிடும் என் மாணவர்கள் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கூட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும்.

அந்த 7-ஐ 9-க்கும் 5-க்கும் நடுவே வைத்துப் பாருங்கள். 9, 7, 5, 1 என்பதன் கூட்டலும் 22! ஏமாந்தால் நகல் கெட்டுவிடும். எனவே ஆர்சிங்க், எண்ணின் இடத்துக்கேற்ப எடை தரும் இன்னொரு கூட்டலையும் வைத்திருக்கிறது. அதையும் இப்படியே நகர்த்தலாம். இவற்றுக்கு 4 பைட். அவை பொருந்தினால் மட்டும், கணக்கிட நேரமெடுக்கும் வலுவான அடையாளம் ஒன்றைச் சரிபார்க்கும். முதல் வடிவத்தில் அதற்கு 16 பைட். பகுதிக்கு 700 பைட் என்றால், 70 லட்சம் பைட் கோப்புக்கு 10,000 பகுதிகள். நகல் நிலையம் அனுப்பும் அடையாளங்கள் 2 லட்சம் பைட்தான்.

ஒரு தடை உண்டு. பட்டியல்கள் பெரும்பாலும் சுருக்கப்பட்டே இருக்கும். சுருக்கிய கோப்பில் தொடக்கத்தில் ஓரெழுத்து மாறினாலும் அதற்குப் பிறகு வருவதெல்லாம் மாறிப்போகும். பொருந்தும் பகுதியே கிடைக்காது. ஆகவே ஜிஜிப் என்னும் சுருக்கு நிரலில் ஒரு வசதி வைத்தார்கள். இங்கும் நகரும் கூட்டல்தான்: தொகை ஒரு குறிப்பிட்ட நிபந்தனைக்குப் பொருந்தும் இடங்களில் சுருக்குவதைப் புதிதாகத் தொடங்கும். கோப்பு சற்றே பெருக்கும். மாற்றமோ அருகிலுள்ள எல்லையைத் தாண்டிப் பரவாது.