மணமுறிவு வழக்குகளும் சமரசத் தீர்வும் - பெங்களூரு தரும் படிப்பினை

ஒரு குடும்பம் பிரியும்போது ஒரு வீடு இரண்டாகிறது, வருமானம் இரண்டாவதில்லை. அதே ஊதியத்தில் இரண்டு வாடகை, இரண்டு அடுப்பு, இரண்டு வழிச் செலவு ஆகியவற்றைச் சமாளிக்க வேண்டியுள்ளது. இந்தச் சுமையோடு நீண்டகால வழக்குச் செலவும் சேருமாயின் அதன் விளைவைப் பெரும்பாலும் ஏற்பவர்கள் சொந்த வருவாயற்ற மனைவியும் குழந்தைகளுமே ஆவர். எனவே, பிரிய முடிவு செய்துவிட்ட தம்பதியர் தங்களுக்குள் உடன்பாடு காண உதவும் சமரசத் தீர்வு முறை சட்டத் துறையினருக்கு மட்டுமேயன்றி, சமூக நலத்தையும் மேம்பாட்டையும் கருதுவோர் அனைவருக்கும் உரிய பொருளாகும்.

சட்ட அடிப்படை

குடும்பத் தகராறுகளைப் பிற உரிமையியல் வழக்குகளினின்றும் வேறுபடுத்திக் காண வேண்டும் என்னும் கருத்து நம் சட்டத்தில் படிப்படியாக இடம் பெற்றது. இந்து திருமணச் சட்டம் 1955-இல் இயற்றப்பட்டது. பரஸ்பர சம்மதத்தின் பேரில் மணமுறிவு பெறும் வழி 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அதில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலும் குடும்ப வழக்குகளுக்கெனத் தனி விதித் தொகுதி சேர்க்கப்பட்டது. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் ஒரு படி மேலே சென்றது. வழக்கைத் தொடக்க நிலையிலேயே சமாதானமாக முடிக்க முயலுதல் நீதிமன்றத்தின் கடமை என அதன் 9-ஆவது பிரிவு விதித்தது. ஆலோசகர்களின் உதவிக்கும் அச்சட்டம் வகை செய்தது.

நீதிமன்றத்தின் மூலம் சமரசத்திற்கு அனுப்பும் பொது ஏற்பாடு பின்னர் வந்தது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆவது பிரிவு 2002 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் அப்பிரிவுக்கு விளக்கம் அளித்தது. நீதியரசர் ஜகந்நாத ராவ் குழு வகுத்த மாதிரி விதிகளைப் பின்பற்றி உயர் நீதிமன்றங்கள் தத்தம் விதிகளை அமைத்துக்கொள்ள அத்தீர்ப்பு வழிவகுத்தது. மண வாழ்க்கை, ஜீவனாம்சம், குழந்தைகளின் பொறுப்பு ஆகியவை பற்றிய வழக்குகள் சமரசத்திற்கு ஏற்றவை என 2010-இல் உச்ச நீதிமன்றம் ஆப்கான்ஸ் வழக்கில் தெளிவுபடுத்தியது.

பெங்களூரு மையம்

நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் நாட்டில் முதன்முதலாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 ஏப்ரல் மாதம் தொடங்கப்பெற்றது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் பெங்களூரு சமரச மையம் 2007-இல் செயல்படத் தொடங்கியது. சித்தையா சாலையில் உள்ள 'நியாய தேகுல' என்னும் கட்டடம் இம்மையத்தின் முகவரியாகும். இக்கன்னடப் பெயருக்கு 'நீதிக் கோயில்' என்பது பொருள். நகரின் குடும்ப நீதிமன்றங்களும் மாநிலச் சட்டப் பணிகள் ஆணையமும் இதே முகவரியில் இயங்குவது ஒரு வசதியாகும். வழக்கு நடக்கும் இடத்திலிருந்து சமரசம் பேசும் இடத்திற்குச் செல்லக் கட்சிக்காரர்கள் நகரைக் கடக்க வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற வழக்கறிஞர்களே இங்குப் பெரும்பாலும் சமரசர்களாகப் பணியாற்றுகின்றனர்.

பெங்களூருவில் இதற்குத் தனித் தேவையும் உண்டு. தமிழகம், ஆந்திரம், கேரளம், வட கர்நாடகம், வட இந்திய மாநிலங்கள் எனப் பல இடங்களிலிருந்தும் வேலை தேடி வந்தோர் வாழும் நகரம் அது. ஊரில் இருந்தால் பெரியப்பா, தாய்மாமன், ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசித் தீர்த்திருக்கக்கூடியவை, நகரில் நேரே காவல் நிலையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ செல்கின்றன. பெரியவர்களின் பேச்சு எப்போதும் நியாயமாக அமைந்தது என்று கொள்வதற்கில்லை. பெண்ணைப் பொறுத்துப்போகச் சொல்வதே அதன் வழக்கமாயிருந்தது. ஆயினும், பேசுவதற்கு ஓர் இடம் இருந்தது. அந்த இடத்தைச் சட்டத்தின் பாதுகாப்போடு அளிப்பதே மையத்தின் பணி.

வழக்கின் விலை

ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்வோம். பீன்யா தொழிற்பேட்டையில் கணவனுக்கு மாதம் 22,000 ரூபாய் ஊதியம். ஆயத்த ஆடை ஆலையில் மனைவிக்கு 13,000 ரூபாய். ஒரு குழந்தை பள்ளியில் படிக்கிறது. சேர்ந்து வாழும்போது வாடகை 9,000 ரூபாய், அதாவது மொத்த வருவாயில் 26 விழுக்காடு. பிரிந்தபின் மற்றொரு வீட்டிற்கு 7,000 ரூபாய் வாடகை எனில், இரு வாடகையும் சேர்ந்து 46 விழுக்காடாகின்றன.

இனி வழக்குகளைக் காண்போம். மணமுறிவு மனு குடும்ப நீதிமன்றத்தில். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படியான மனு குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில். குழந்தையின் பாதுகாவலர் பற்றிய மனு தனியே. மூன்றிலும் மாதம் ஒரு வாய்தா வீதம் நேரில் செல்ல நேர்ந்தால் ஆண்டுக்கு 36 நாட்கள். மாதம் 26 வேலை நாட்கள் எனக் கொண்டால் மனைவியின் ஒரு நாள் கூலி 500 ரூபாய். ஆண்டு இழப்பு 18,000 ரூபாய், அதாவது ஒரு மாத ஊதியத்தினும் அதிகம். வழக்கறிஞர் கட்டணம் இதில் சேரவில்லை.

சமரசத்தின் முதன்மையான பயன் இங்கே விளங்குகிறது. நீதிமன்றம் ஒவ்வொரு மனுவையும் அதனதன் சட்டப்படி தனித்தனியே தீர்க்க வேண்டும். சமரச மேசையிலோ ஜீவனாம்சம், நகைகளைத் திருப்பித் தருதல், குழந்தை யாரிடம் வளர்வது, மற்றவர் எந்நாட்களில் காண்பது, பள்ளிக் கட்டணம், நிலுவை வழக்குகள் ஆகிய அனைத்தையும் ஒருசேரப் பேசி ஒரே உடன்பாடாக எழுதலாம்.

நடைபெறும் முறை

சமரசர் தீர்ப்பளிப்பவர் அல்லர். முதலில் இரு தரப்பையும் ஒருங்கே அமரச் செய்து முறையை விளக்குவார்; பின்னர் தேவைக்கேற்பத் தனித்தனியே பேசுவார். ஒருவர் தனியே கூறியதை அவர் இசைவின்றி மற்றவரிடம் கூறுவதில்லை. சமரசம் கைகூடாவிடில், 'உடன்பாடு ஏற்படவில்லை' என்பதை மட்டுமே நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அங்குப் பேசப்பட்டவற்றைத் தெரிவிக்கலாகாது என உச்ச நீதிமன்றம் 2010-இல் மோதி ராம் வழக்கில் வலியுறுத்தியது.

உடன்பாடு ஏற்பட்டாலும் சமரசர் மணமுறிவு வழங்க இயலாது. உடன்பாடு நீதிமன்றத்துக்குச் சென்று, பரஸ்பர சம்மத மனுவின் மீது தீர்ப்பாணையாக வேண்டும். இரு மனுக்களுக்கிடையே ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்னும் விதியைத் தக்க வழக்குகளில் தளர்த்தலாம் என 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஜீவனாம்சம், குழந்தைப் பொறுப்பு முதலியவற்றில் உண்மையான உடன்பாடு ஏற்பட்டிருத்தல் அதற்கான நிபந்தனைகளுள் ஒன்று. குழந்தையைப் பற்றிய ஏற்பாடு குழந்தையின் நலனுக்கு உகந்ததா என்பதை நீதிமன்றமே இறுதியாகக் காண வேண்டும்.

வெற்றியை எவ்வாறு அளவிடுவது?

1984-ஆம் ஆண்டுச் சட்டம் நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கையில், திருமண அமைப்பைப் பாதுகாக்க வேண்டும் என்னும் ஈடுபாடு உடையவர்களை நாடச் சொல்கிறது. அதனால் சமரசம் என்றாலே மீண்டும் சேர்த்து வைத்தல் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. இவ்விரண்டும் வேறு. சேர்ந்து வாழும் விருப்பம் எஞ்சியிருக்குமாயின் அதற்கு உதவுவது ஆலோசகரின் பணி. அவ்விருப்பம் இல்லாதவிடத்துக் கண்ணியமாகப் பிரிய வழி காண்பது சமரசரின் பணி. சேர்ந்தவர்களின் எண்ணிக்கையை மட்டும் வெற்றியாகக் கணக்கிட்டால், பிரிய வேண்டிய காரணமுள்ள பெண்ணின் மீது அறிந்தோ அறியாமலோ அழுத்தம் ஏற்படும்.

மற்றோர் ஆபத்து பொருளியல் சார்ந்தது. மணமுறிவில் தம்பதியர் பேசும் பேரம் சட்டத்தின் நிழலில் நடைபெறுகிறது என்பதை ராபர்ட் ம்னூக்கின், லூயிஸ் கோர்ன்ஹவுசர் ஆகிய அமெரிக்க அறிஞர்கள் 1979-இல் எடுத்துக்காட்டினர். நீதிமன்றம் என்ன வழங்கும், எப்போது வழங்கும் என்னும் எதிர்பார்ப்பே ஒவ்வொருவரின் பேர வலிமையையும் நிர்ணயிக்கிறது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும் என்றால், காத்திருக்க இயன்றவர் வலியவர்; அடுத்த மாத வாடகைக்கு வழியற்றவர் எளியவர். அவர் குறைந்த தொகைக்கு இசைவது விருப்பத்தால் அன்று, இயலாமையால். ஆகவே, நீதிமன்றம் தாமதிப்பதால் சமரசம் தேவை என்னும் வாதம் பாதி உண்மையே. நீதிமன்றம் விரைந்து செயல்படும் இடத்தில்தான் சமரசமும் நியாயமாக அமையும்.

இதற்கு ஒரு கருவி ஏற்கெனவே உண்டு. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் எனவும், ஜீவனாம்சம் மனுச் செய்த நாள் முதல் வழங்கப்பட வேண்டும் எனவும் பணித்தது. இப்பத்திரம் சமரசப் பேச்சு தொடங்கும் முன்னரே மேசை மீது இருக்குமாயின், மறைக்கப்பட்ட வருமானத்தின் மீது உடன்பாடு எழுதப்படும் நிலை குறையும். இடைக்கால ஜீவனாம்சமும் முன்னரே வழங்கப்பட்டால், பசியால் இசையும் நிலை நீங்கும்.

பிற நாடுகளும் நம் சட்டமும்

ஜப்பானின் குடும்ப நீதிமன்றங்கள் 1949-இல் தொடங்கிய காலந்தொட்டு, மணமுறிவு வழக்குக்கு முன் சமரச முயற்சியை வேண்டுகின்றன. ஆஸ்திரேலியா 2006-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் குழந்தைகள் பற்றிய வழக்குகளில் இதனை முன்நிபந்தனையாக்கியது. ஆயின் குடும்ப வன்முறை உள்ள வழக்குகளுக்கு விலக்களித்தது. இவ்விலக்கு மிகவும் குறிப்பிடத்தக்கது. அச்சுறுத்தலுக்கு உள்ளானவரை அச்சுறுத்தியவர் எதிரில் அமர்த்திப் பேசச் சொல்வது சமரசம் ஆகாது.

நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டின் சமரசச் சட்டம் செப்டம்பரில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. அதன் சில பிரிவுகள் அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. வழக்குத் தொடுக்கும் முன்னரே இரு தரப்பும் தாமாக இசைந்து சமரசத்தை நாட அச்சட்டம் இடமளிக்கிறது. 120 நாட்களுக்குள் முடிக்கவும், இரு தரப்பும் இசைந்தால் மேலும் 60 நாட்கள் நீட்டிக்கவும் வகை செய்கிறது.

முடிவுரை

மையங்களைப் பெருக்குவதோடு மூன்று செயல்கள் தேவை. வன்முறை உள்ளதா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் முதலில் தனியே கேட்டறிதல். வருமான விவரங்களைப் பேச்சுக்கு முன் பெறுதல். உடன்பாட்டுக்கு ஓராண்டுக்குப் பின்னர் ஜீவனாம்சம் வருகிறதா, குழந்தை இரு பெற்றோரையும் காண்கிறதா எனத் தொடர்ந்து கண்டறிதல். முடிந்த வழக்குகளின் எண்ணிக்கை நீதிமன்றத்தின் சுமை குறைந்ததைக் காட்டும். நிலைத்த உடன்பாடுகளின் எண்ணிக்கையே குடும்பங்களின் சுமை குறைந்ததைக் காட்டும். சமரசத் திட்டத்தை மதிப்பிடும் அலுவலர்கள் இரண்டாவது கணக்கையும் கேட்பது இன்றியமையாதது.