மண்டை ஓட்டுப் பள்ளம் பற்பத்தால் மூடுமா?

பாகூரிலிருந்து ஒரு தாயார் மகனோடு வந்திருந்தார். நான்கு மாதத்துக்கு முன் பையன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடி. மூளை வீங்கியதால், டாக்டர்கள் மண்டை ஓட்டில் உள்ளங்கை அகல எலும்பை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இப்போது அந்த இடம் குழியாக இருக்கிறது.

"இன்னொரு ஆபரேஷன்னா பயமா இருக்குங்க ஐயா. பவள பற்பம் கொடுத்தா எலும்பு வளந்து மூடிக்காதா?" என்றார்.

மூடாது அம்மா. கால் எலும்பு முறிந்தால் இரு முனையும் சேர்ந்து கட்டும். மண்டையில் இவ்வளவு பெரிய துண்டு போனால் பெரியவர்களுக்குத் தானாக நிரம்பாது. பச்சைக் குழந்தைகளுக்கு மட்டும் மூளையின் மேலுறை ஓரளவு எலும்பை உண்டாக்கும்.

ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். எடுத்த எலும்பைப் பையனின் வயிற்றுத் தோலுக்கடியிலேயே வைத்துத் தைத்திருப்பதாக எழுதியிருந்தது! வயிற்றுத் தையல் எதற்கென்று அந்த அம்மாவுக்குத் தெரியவே இல்லை. சில ஆஸ்பத்திரிகளில் கடுங்குளிர்ப் பெட்டியில் வைப்பார்கள். சொந்த எலும்புக்கு ஈடில்லை: அளவாகப் பொருந்தும், செலவும் குறைவு. ஆனால் சிலருக்கு, முக்கியமாகச் சிறுவர்களுக்கு, வைத்த பிறகு கரைந்து போவதுண்டு. சீழ் பிடித்தால் எடுத்துவிடத்தான் வேண்டும்.

அப்போதுதான் மாற்றுப் பொருள். எலும்பு சிமெண்ட் மலிவு. பொடியையும் திரவத்தையும் குழைத்தால் சில நிமிடங்களில் சூடாகி இறுகும். ஆனால் அதனுள் எலும்பு வளராது. டைட்டானியம் வலை உறுதியானது, துருப்பிடிக்காது, விலைதான் கூடுதல். ஹைட்ராக்ஸி அபடைட் நம் எலும்பிலுள்ள அதே கால்சியம் பாஸ்பேட் வகை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில்கூட இதைத் தயாரித்திருக்கிறார்கள். எலும்பு இதை ஒட்டி வளரும். ஆனால் நொறுங்கும் தன்மை உண்டு. சிறு குழிக்கு நல்லது, பெரிய குழிக்குத் தனியாகப் போதாது.

ஒரு வேடிக்கை பாருங்கள். கடல் பவளத்தையே சூட்டிலும் அழுத்தத்திலும் மாற்றி இந்தப் பொருளைச் செய்யலாம். 'அப்போ பவளம் சரிதானே?' என்பீர்கள். அது குழியிலேயே வைப்பது. சாப்பிட்ட பற்பம் வயிற்றில் கரைந்து வெறும் சுண்ணாம்புச் சத்தாகத்தான் ரத்தத்தில் சேரும். மண்டைக் குழியைத் தேடிப் போகாது. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்!

தள்ளிப் போடாதீர்கள். மூளைக்குக் காவலில்லை என்பதோடு, சிலருக்கு எழுந்து நின்றாலே தலைவலி, தலைசுற்றல் வரும். குழியின் மேல் எண்ணெய் அழுத்தித் தேய்ப்பது, வர்மத் தடவல் கூடவே கூடாது. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டாம். டாக்டர் சொல்லும் தலைக்கவசத்தை வீட்டிலும் போடட்டும். குழி புடைத்தாலோ, வலிப்பு, காய்ச்சல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிதான்.

பற்பம் எழுதித் தரவில்லை. சீட்டோடு ஆபரேஷன் செய்த டாக்டரிடமே அனுப்பினேன்.