மாவு ஆலையில் வண்டுக் கணக்கு

கோதுமையை அரைத்து மைதாவும் ரவையும் ஆட்டாவும் ஆக்கும் கொங்குநாட்டு ஆலையொன்றில் சரக்கின் சுத்தத்துக்குப் பொறுப்பேற்று நெடுங்காலம் உத்தியோகம் பார்த்தவன் நான். பூச்சி நிவாரணம் என்றதும் முதுகில் தெளிப்பானைச் சுமந்து வரும் ஆளையே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள் என்பதும், அந்த ஆள் வந்து போன வாசனை மூக்கில் ஏறிவிட்டால் கடமை முடிந்ததென்று நிர்வாகிகள் திருப்தியடைந்துவிடுகிறார்கள் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மருந்தைத் தொடுவதற்கு முன்னால் வண்டை எண்ண வேண்டும், எண்ணிய வண்டு எந்த ஜாதி என்று பார்க்க வேண்டும், அது எங்கே பிறந்திருக்கும் என்று ஆராய வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் அடிக்கும் மருந்து காசுக்கும் கேடு, மாவுக்கும் கேடு.

ஜாதியைப் பார்க்கச் சொல்வது வீண் வித்துவத்துக்காக அன்று. மூக்கு நீண்ட கூன்வண்டு முழுத் தானியத்தைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டு, துளையை மூடிவிடும் சுபாவமுடையது; ஆகையால் அது பொறியில் அகப்பட்டால் கோளாறு கோதுமைக் கிடங்கில் இருக்கிறது. சிவப்பு மாவு வண்டுக்கோ முழுமணியைத் துளைக்கும் சக்தி கிடையாது. நொறுங்கல், தூசி, மாவு இவற்றையே நம்பி வாழும் ஜந்து அது. அது பெருகினால் இயந்திரங்களுக்குள்ளே எங்கோ பழைய மாவு தங்கியிருக்கிறது என்று பொருள். ஒரு பெண் வண்டு தன் ஆயுளில் முந்நூறு முட்டைகளுக்கு மேலும் இடக்கூடியது. முட்டையின் மேலுள்ள பிசினில் மாவு ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்கு அது தென்படுவதில்லை. நம் ஊர் வெப்பத்தில் முட்டை வண்டாவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் போதும். வண்டு மிகுந்துவிட்டால் அதன் உடலிலிருந்து சுரக்கும் ரசாயனத்தால் மாவு செந்நிறம் பாய்ந்து, காரமான துர்நாற்றம் வீசும். அந்த நிலைக்கு வந்த மாவை எந்தச் சல்லடையாலும் மீட்க இயலாது.

எண்ணுவதற்கு எனக்கு மிகவும் உதவிய சாதனம் விலையில்லாத ஒன்று. மூட்டையில் விழுமுன் மாவு கடைசியாகக் கடக்கும் சல்லடையின் மேலே தங்குவதை ஒவ்வொரு ஷிப்டிலும் வாங்கி, வெள்ளை எனாமல் தட்டில் பரப்பிப் பார்த்தால், வண்டின் காலும் சிறகும் புழுவின் தோலும் முந்தைய கட்டங்களின் யோக்கியதையை உள்ளபடி சொல்லிவிடும். அதன் பிறகுதான் வண்டின் இனக்கவர்ச்சி வாசனை தடவிய பொறிகள். ஒவ்வொரு பொறிக்கும் ஓர் எண் இட்டு, ஆலையின் வரைபடத்தில் அந்த எண்ணைக் குறித்து, வாரந்தோறும் ஒரே கிழமையில் ஒரே ஆள் எண்ணிக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். மொத்தம் எத்தனை வண்டு என்பதைவிட, எந்தப் பொறியில் ஏறுகிறது, எதில் ஏறவில்லை என்பதே முக்கியம்.

ஒரு மழைக்காலத்தில், கீழ்த்தளத்து எலிவேட்டர் குழியருகே இருந்த பொறியில் மட்டும் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் உயர்ந்துகொண்டே போயிற்று. சில கஜ தூரத்தில் தூணோரமாக இருந்த பொறியிலோ மாறுதலே இல்லை. வட தேசத்திலிருந்து வந்த கோதுமைச் சாக்குகளோடு வண்டும் வந்திருக்கும் என்று மேலிடத்தில் அபிப்பிராயப்பட்டு, கிடங்கு முழுவதும் மருந்தடிக்க ஏற்பாடாயிற்று. எங்கள் பழைய ஃபிட்டர் பொறியையும் குழியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சாக்குல வரலைங்க சார், இங்கேயே குடித்தனம் பண்ணுது,” என்றார். எலிவேட்டரின் அடிப்பெட்டியைக் கழற்றினோம். பட்டையில் ஏறி இறங்கும் பக்கெட்டுகளின் விளிம்பு எட்டாத மூலையில், தரையின் ஈரத்தை வாங்கி இறுகிக் கட்டியாகிப் போன பழைய மாவு. அதைப் பிளந்தால் புழுவும் கூட்டுப்புழுவும் வண்டுமாக அத்தனை பருவமும் ஒருங்கே குடியிருந்தன. கிடங்குக்கென்று வாங்கிய மருந்து அலமாரியிலேயே இருந்துவிட்டது. மாவைச் சுரண்டியெடுத்து எரித்தோம். குழிக்குள் நீர் கசிந்த சுவரைக் கொத்தனாரைக் கொண்டு பூசினோம். அடுத்த சில வாரங்களில் அந்தப் பொறியின் கணக்குத் தானே இறங்கிற்று.

அதிலிருந்து நாங்கள் அனுசரித்த நியமம் ஒன்றுண்டு: பக்கெட் அடிப்பெட்டி, திருகுக் கடத்தியின் முனை, சல்லடைச் சட்டத்தின் இடுக்கு, குழாய் வளைவு முதலிய மாவு தேங்கும் மூலைகளை, வண்டின் ஜீவசக்கரத்தைவிடக் குறுகிய இடைவெளியில், அதாவது இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு தடவை திறந்து வெறுமையாக்கிவிட வேண்டும், முட்டை வண்டாகி மறுபடி முட்டையிட அவகாசம் கிடைக்கலாகாது. இதைச் செய்கையில் காற்றுக் குழாயால் ஊதித் தள்ளுவதை நான் கண்டிப்பாகத் தடுத்துவந்தேன்; ஊதினால் ஒரு மூலையிலிருந்த முட்டைகள் ஆலை முழுவதும் விநியோகமாகும். உறிஞ்சும் கருவியும் தூரிகையுமே உத்தமம்.

புகையூட்டம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. கோதுமை அட்டியில் பூச்சி கண்டால் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை விட்டால் வேறு கதி அநேகமாக இல்லை. மூன்று கிராம் மாத்திரை ஒன்று, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து ஒரு கிராம் பாஸ்பீன் வாயுவைக் கொடுக்கும். ஆனால் அட்டியின் மேல் போர்த்திய உறையின் விளிம்பை மணற்பைகளால் இறுக அழுத்தாமல், ஒரு வாரம் மூடி வைக்க வேண்டியதை அவசரத்தில் மூன்றாம் நாளே பிரித்துவிட்டால், பலவீனமான பூச்சி மட்டும் மாண்டு, வாயுவைத் தாங்கவல்லது பிழைத்து வம்சம் விருத்தி செய்யும். இந்தியாவில் மாவு வண்டும் தானியத் துளைப்பானும் இவ்வாயுவுக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்ட சங்கதி ஆராய்ச்சியாளர்கள் உறுதிப்படுத்தியதே. செம்பையும் அது அரிக்குமாகையால், மின்பலகைகள் உள்ள இடத்தில் அதை உபயோகிப்பது விவேகமன்று. மனிதருக்கும் கொடிய விஷமாகையால் லைசென்ஸ் பெற்றவர் தவிர மற்றவர் அதைத் தொடக் கூடாது. பூண்டு வாசனை வரவில்லையே என்று நம்பி உள்ளே நுழையாமல், வாயுமானியின் அளவையே நம்ப வேண்டும்.

எலியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. பென்சில் பருமன் இடைவெளியிருந்தால் சுண்டெலி நுழைந்துவிடும். ஆகவே கதவின் அடியைக் கவனியுங்கள். பெரிய எலி புதிய பொருளைக் கண்டால் அஞ்சி விலகும். அதனால் பொறியை விசையேற்றாமல் தீனி மட்டும் வைத்துச் சில நாள் பழக்க வேண்டும். விஷத் தீனியை வெளிச்சுவரோரத்தோடு நிறுத்திக்கொண்டு, உள்ளே பொறி மட்டும் வைப்பது நலம். விஷம் தின்ற எலி எந்த இயந்திரத்துக்குள் சாகும் என்று எவரால் சொல்ல முடியும்?

ஈப்பொறியின் ஊதா விளக்கு நம் கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரிந்தாலும், ஈயை இழுக்கும் கதிர் ஓராண்டில் குன்றிவிடுவதால் குழலை ஆண்டுதோறும் மாற்ற வேண்டும். அதை வாசலுக்கு எதிரே மாட்டுவது, வெளியிலிருக்கும் ஈக்கு அழைப்பிதழ் அனுப்புவதற்கு ஒப்பாகும். பறக்கும் வண்டும் அந்துப்பூச்சியும் இரவில் மிகுந்தால், வாசலுக்கு மேலிருக்கும் வெள்ளை விளக்கை மஞ்சள் விளக்காக மாற்றிப் பாருங்கள்.

பூச்சிக் கட்டுப்பாட்டுக் குத்தகைதாரரோடு ஒப்பந்தம் எழுதும்போது, மாதத்துக்கு எத்தனை தடவை மருந்தடிப்பார் என்பதோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு வருகையிலும் பொறிகளை நம் ஆள் முன்னிலையில் எண்ணி, கணக்கையும் வரைபடத்தையும் நம் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றும், மருந்தடிப்பதானால் எந்தப் பொறியின் எந்தக் கணக்கைக் கண்டு அடிக்கிறார் என்பதை முதலில் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றும் ஷரத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு இணங்க மறுத்த குத்தகைதாரர், எத்தனை மலிவாகக் கேட்டாலும், எங்கள் ஆலைக்கு வேண்டாமென்றே நான் சிபாரிசு செய்துவந்தேன்.